விளக்கை எவ்வளவு உயரத்தில் மாட்டுவது? ஒரு கறிவேப்பிலைச் செடி சொல்லிக்கொடுத்த கணக்கு

டொராண்டோவில் டிசம்பர் வந்தால் பகல் ஒன்பது மணி நேரம்கூட முழுசாக இருக்காது. அதனால் கோடையில் பால்கனியில் தளதளவென்று நிற்கும் என் கறிவேப்பிலைத் தொட்டியை, குளிர் தொடங்கும் முன்பே வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுவேன். போன வருஷம் அதற்கென்று ஒரு எல்.இ.டி. வளர்ப்பு பல்பு வாங்கி, செடியின் நுனிக்கு 60 செ.மீ. மேலே மாட்டினேன். என் கண்ணுக்கு அறையே ஜெகஜ்ஜோதி! ஆனால் ஒரே மாசத்தில் செடி ஒல்லியாகி, கணுவுக்குக் கணு இடைவெளி கூடி, நெட்டையாகப் போனது. வெளிச்சம் தேடி ஓடும் செடியின் லட்சணம் அது.

சரி, வெளிச்சம் பத்தல போல என்று ஒரே ராத்திரியில் பல்பை 15 செ.மீ.க்கு இறக்கினேன். பத்து நாளில் கொழுந்தெல்லாம் வெளிறி, ஓரம் கருகிவிட்டது. கையை வைத்துப் பார்த்தேன், பெரிய சூடும் இல்லை. அப்புறம் ஏன் கருகியது?

இரண்டு விஷயத்தைக் கவனிக்காமல் விட்டிருந்தேன். ஒன்று, கண்ணை நம்பியது. வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் நம் கண் தன்னைச் சரிசெய்துகொள்ளும். வீட்டு அறை சுமார் 300 லக்ஸ், உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். ஆனால் நமக்கு இரண்டுமே "நல்ல வெளிச்சம்"தான். செடிக்கு அப்படி இல்லை.

இரண்டாவது, தூரத்தின் கணக்கு. 1604-லேயே கெப்ளர் எழுதிவைத்த விதி இது: சின்ன விளக்கிலிருந்து வரும் வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் நாலு மடங்கு. 60-லிருந்து 15-க்கு இறக்கினால் கால்வாசி தூரம், அதாவது ஏறத்தாழ பதினாறு மடங்கு! குறைந்த வெளிச்சத்தில் வளர்ந்த மெல்லிய இலை அதைத் தாங்காது. பயன்படுத்த முடியாத அளவுக்கு ஒளியை உறிஞ்சிய பச்சையமே சிதைந்துபோகிறது. அதற்குச் சூடு தேவையே இல்லை.

பிறகுதான் அளக்க ஆரம்பித்தேன். போனில் லக்ஸ் ஆப் போட்டு, செடி நுனியில் விளக்கைப் பார்க்க வைத்தால் போதும். துல்லியம் இருக்காது, ஆனாலும் ஒப்பிட உதவும். வெள்ளை எல்.இ.டி. என்றால் லக்ஸை 70-ஆல் வகுங்கள். செடிக்குப் பயன்படும் ஒளி, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நொடியில் எத்தனை மைக்ரோமோல் என்று தோராயமாகக் கிடைக்கும். ஊதா நிற விளக்குக்கு இந்த வழி சரிவராது. லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு, சிவப்பையும் நீலத்தையும் அது குறைத்தே மதிப்பிடும்.

எனக்கு 60 செ.மீ.யில் சுமார் 4,000 லக்ஸ் வந்தது. அதாவது 57 மைக்ரோமோல். 14 மணி நேரம் எரிந்தால் ஒரு நாளுக்கு மொத்தம் 3 மோல்கூட வராது. நிழல்செடிக்கு ஓரளவு போதும், வெயில் கேட்கும் கறிவேப்பிலைக்குப் பத்தாது. 30 செ.மீ.யில் 16,000 லக்ஸ். அதே 14 மணி நேரத்தில் சுமார் 11 மோல்.

இந்த முறை வாரத்துக்கு 5 செ.மீ.யாக, ஆறு வாரத்தில் 30-க்கு இறக்கினேன். ஒவ்வொரு தடவையும் புதுத் துளிரைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த இறக்கம். துளிர் வெளிறினால் ஒரு படி மேலே ஏற்றிவிடுவேன்.

டிம்மர் இருந்தால் எது நல்லது? பிரகாசத்தைக் குறைத்தால் எல்லா இடத்திலும் ஒரே விகிதத்தில் குறையும், கரண்டும் மிச்சம். விளக்கை உயர்த்தினால் நடுவில் குறைந்து பக்கத்துக்குப் பரவும். அகலமாகக் கிளைத்த செடிக்கு உயரம், ஒற்றைத் தொட்டிக்கு டிம்மர். டியூப், பேனல் வகைகளில் கிட்டத்தில் இந்த வர்க்கக் கணக்கு பலிக்காது. அங்கே அளந்து பார்ப்பதுதான் வழி.

செடி வளர வளர நுனியும் விளக்கை நெருங்கும் என்பதை மறந்துடாதீங்க. நாம் கை வைக்காவிட்டாலும் தூரம் குறைந்துகொண்டேதான் இருக்கும். பிப்ரவரியில் ரசத்துக்கு நாலு இணுக்கு கிள்ளினேன். கிள்ளின கையோடு ஸ்கேலை எடுத்து மறுபடி அளந்தேன்.