மருந்து அடிக்கும் பாடத்தில் மனிதநேயமும் வேண்டும்

எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து, ஏக்கருக்கு எவ்வளவு என்று சொல்லிக் கொடுப்பதோடு பயிர் பாதுகாப்புப் பயிற்சி முடிந்துவிடக் கூடாது. தெளிப்பானைச் சுமப்பவர் யார், விளைந்ததை உண்பவர் யார் என்பதையும் அதே பாடத்தில் கற்பிக்க வேண்டும்.

2017-ஆம் ஆண்டு மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தபோது நச்சுத் தாக்கி, விவசாயிகளும் கூலியாட்களுமாக 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்ததால் மருந்து முகத்தில் பட்டது, பல மருந்துகளைக் கலந்து அடித்தது, பாதுகாப்பு உடை இல்லாதது ஆகியவை காரணங்களாகக் கூறப்பட்டன.

தெளிப்பவர் நலம்

மருந்துப் புட்டியின் மேலுள்ள முக்கோணத்தின் நிறமே நச்சின் அளவைக் காட்டும். சிவப்பு மிகக் கடுமையானது. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை குறையும். பச்சையும் நஞ்சுதான். மருந்தைக் கலப்பவர் ஒருவர், தெளிப்பவர் வேறொருவர் என்றால், கூலியாள் புட்டியையே பார்ப்பதில்லை. நிறத்தைக் காட்டி விளக்குவது நிலத்துக்காரரின் கடமை. மருந்தைக் கையாள்பவருக்குத் தகுந்த பாதுகாப்பு உடை வேண்டும் என 1971-ஆம் ஆண்டின் பூச்சிமருந்து விதிகளும் கூறுகின்றன.

இதை உணர்த்த எளிய வழி உண்டு. தெளிப்பானில் சாயம் கலந்த தண்ணீரை ஊற்றி, வெள்ளைச் சட்டையுடன் அடிக்கச் செய்ய வேண்டும். மருந்து உடம்பில் எங்கெல்லாம் படும் என்பதைச் சட்டையே காட்டிவிடும். நிலத்துக்காரரே அந்தச் சட்டையைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

உண்பவர் நலம்

கத்தரி, வெண்டைக்கு மருந்து அடித்தபின், புட்டியில் குறிப்பிட்ட நாட்கள் கழித்தே காய் பறிக்க வேண்டும். நாளை சந்தையில் நல்ல விலை என்றால் மனம் தடுமாறும். "இந்தக் காயை நம் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்போமா?" என்று கேட்டுக்கொண்டால் விடை கிடைத்துவிடும்.

வயலே பள்ளிக்கூடம்

இந்தோனேசியாவில் 1989-ஆம் ஆண்டு உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. விவசாயிகள் வாரந்தோறும் நெல்வயலில் இறங்கி, தீமை செய்யும் பூச்சிகளையும் அவற்றைத் தின்னும் சிலந்தி, பொறிவண்டுகளையும் எண்ணிப் பார்த்து, கலந்து பேசிய பிறகே மருந்து தேவையா என்று முடிவு செய்தனர். பின்னர் இம்முறை இந்தியாவுக்கும் வந்தது.

இத்தகைய பள்ளிகளில் நிலத்துக்காரரோடு கூலியாளும் உட்கார வேண்டும். மருந்து வேண்டாம் என்று தெரிந்தால் செலவு மிச்சம். வேண்டும் என்றாலும், அடிப்பவரும் உண்பவரும் நலமாக இருக்க வழி பிறக்கும்.