பிரம்பு போன பிறகு வகுப்பறை ஒழுங்கு

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் குழந்தைப் பருவத்தைக் கடந்து வளரிளம் பருவத்தில் கால்வைப்பவர்கள். ஆசிரியரின் பாராட்டைவிடப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் தோழர்களின் மதிப்பு அவர்களுக்குப் பெரிதாகத் தோன்றும் வயது அது. உணர்ச்சிகளைத் தூண்டும் மூளைப் பகுதிகள் அப்போது வேகமாக விழித்தெழ, விளைவை எண்ணித் தன்னை அடக்கிக்கொள்ள உதவும் முன்நெற்றிப் புறணி, அதாவது நெற்றிக்குப் பின்னால் அமைந்த மூளைப் பகுதி, இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே நடுநிலை வகுப்புகளில் எழும் சலசலப்பில் பெரும்பகுதி ஆசிரியரை அவமதிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் பிறப்பதன்று.

தமிழ்நாட்டுக் கல்வி விதிகளில் 51ஆவது விதி 2003இல் திருத்தப்பட்டு, மாணவருக்கு உடல் வலியோ மன வலியோ தரும் தண்டனை தடைசெய்யப்பட்டது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு இத்தடையைத் தேசிய அளவிலான சட்டமாக்கியது. 16ஆவது பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. அடி மட்டுமல்ல, முட்டி போட வைப்பதும் பலர் முன்னிலையில் இழிவாகப் பேசுவதும் தண்டனைக்கான தடைக்குள் அடங்கும். பிரம்பை வாங்கிக்கொண்டவர்கள் மாற்றாக எதையும் கையில் கொடுக்கவில்லை என்ற ஆசிரியர்களின் மனக்குறை இங்குதான் எழுகிறது. அது புறக்கணிக்கத்தக்கதும் அன்று.

அக்குறைக்கு விடைதேட உதவும் ஆய்வு ஒன்று உண்டு. வகுப்பறைகளைக் காணொளியாகப் பதிவுசெய்து ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின், 1970இல் வெளியிட்ட நூலில், ஒழுங்கு நிலவும் வகுப்புகளையும் குலைந்த வகுப்புகளையும் வேறுபடுத்துவது தவறு நடந்தபின் ஆசிரியர் கண்டிக்கும் விதம் அன்று, தவறு தலையெடுக்கும் முன்பே பாடத்தை நடத்திச் செல்லும் விதமே என்று காட்டினார். அவர் முதன்மைப்படுத்திய பண்பை ‘முழுவிழிப்பு’ எனலாம்: வகுப்பின் ஒவ்வொரு மூலையிலும் நடப்பது ஆசிரியருக்குத் தெரியும் என்பதோடு, அது அவருக்குத் தெரியும் என்பதை மாணவர்களும் உணர்ந்திருக்கும் நிலை. கடைசி பெஞ்சில் ஒருவன் பேனாவைப் பிடுங்க, பறிகொடுத்தவன் கத்த, கத்தியவனை மட்டும் ஆசிரியர் எழுப்பி நிறுத்தினால், அவர் கவனிக்கவில்லை என்பது வகுப்பு முழுவதற்கும் விளங்கிவிடுகிறது. அவருடைய நியாயத்தின் மீதான நம்பிக்கையும் அங்கேயே தளர்கிறது.

பாடத்தின் ஓட்டமும் அவ்வாறே முக்கியமானது. ஒருவரைத் திட்டுவதற்காக ஐந்து நிமிடம் பாடத்தை நிறுத்தும்போது மற்ற அனைவரும் வேலையின்றி விடப்படுகிறார்கள். வேலையில்லாத நேரத்திலேயே அடுத்த சலசலப்பு பிறக்கிறது. பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்டால் அந்த ஒரு மாணவர் மட்டும் யோசிக்க, மற்றவர்கள் தப்பித்தோம் என்று ஓய்ந்துவிடுகிறார்கள்; கேள்வியை முதலில் கேட்டு, சற்றே பொறுத்து, அதன்பின் பெயரைச் சொன்னால் வகுப்பே யோசிக்கிறது. மணி அடித்து ஓர் ஆசிரியர் வெளியேறி அடுத்தவர் வரும் இடைவெளியில், பேசுபவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுத வகுப்புத் தலைவரை நிறுத்துவது ஒரு பிள்ளையைத் தோழர்களுக்கு எதிரியாக்குகிறது. அதே பலகையில் சிறு கணக்கொன்று காத்திருந்தால் காவலே தேவைப்படாது.

இவ்வளவுக்கும் பிறகு தவறுகள் நிகழத்தான் செய்யும். அப்போது கைகொடுப்பது, ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மனநல மருத்துவர் ருடால்ஃப் டிரைக்கர்ஸ் வலியுறுத்திய ‘பொருத்தமான விளைவு’ என்னும் கருத்து. செய்த தவறோடு நேரடித் தொடர்புடைய பொறுப்பை மாணவரையே ஏற்கச் செய்வது அதன் பொருள். மேசையில் கிறுக்கியவர் அந்த மேசையைத் துடைத்துத் தூய்மையாக்குவது இத்தகையது. அதே தவறுக்கு நூறு முறை இம்போசிஷன் எழுத வைத்தால், எழுதுவதே தண்டனை என்ற பாடம்தான் மனத்தில் பதிகிறது. எந்த விளைவாயினும், பெஞ்சருகே சென்று தாழ்ந்த குரலில் சொல்லப்படுவது பலன் தரும். நால்வர் பார்க்கச் சொன்னால், தோழர்கள் முன் தோற்க விரும்பாத பிள்ளை எதிர்த்துப் பேசியே தீரும்.

திடீரென முரடாவதும் தொடர்ந்து வகுப்பில் உறங்குவதும் பசியின் அல்லது வீட்டில் நேரும் வன்முறையின் அடையாளமாகவும் இருக்கலாம். அங்கே தேவைப்படுவது கண்டிப்பன்று, தனியே நடத்தும் உரையாடலும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும்தான்.

ஆறு முதல் எட்டு வரையிலான உயர்தொடக்க வகுப்புகளில் 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று கல்வி உரிமைச் சட்டம் வகுத்த அளவு மீறப்படும்போது, முழுவிழிப்பு எத்தகைய ஆசிரியருக்கும் கடினமாகிறது. ஆகவே அந்த அளவைக் காப்பதும், புதிய ஆசிரியர் அனுபவமுள்ளவரின் வகுப்பில் அமர்ந்து கவனித்துப் பின் கலந்து பேச நேரம் ஒதுக்குவதும் கல்வித் துறையின் கடமையாகின்றன. வகுப்பை ஆளும் திறன் பிறவியிலேயே சிலருக்கு வாய்த்த கம்பீரம் அன்று. கற்பிக்கத்தக்க, பயிற்சியால் வளரத்தக்க தொழில்திறன் என்பதால், அதைக் கற்கும் வாய்ப்பு ஒவ்வோர் ஆசிரியருக்கும் கிடைத்தாக வேண்டும்.