"அக்கா, லினக்ஸ்ல பழைய கேம் ஓடுமா?"

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. விருதுநகரில் நான் நடத்தும் கணினி சர்வீஸ் கடைக்கு அதற்கு முன்பிருந்தே ஒரே மாதிரியான கம்ப்யூட்டர்கள் வர ஆரம்பித்துவிட்டன. எல்லாம் 2014, 2015 வாக்கில் வாங்கியவை. மானிட்டர் நன்றாக இருக்கும். கீபோர்டில் நாலைந்து எழுத்து தேய்ந்திருக்கும். ஒரு எஸ்எஸ்டி மாட்டினால் வேகமும் வந்துவிடும். ஆனால் விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், ஏறக்குறைய 2018-க்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும். இந்தப் பழைய கம்ப்யூட்டர்களில் இரண்டும் இருக்காது. ஓடுகிற இயந்திரத்தைப் பழைய இரும்புக்கு எடைக்குப் போட எனக்கு மனம் வருவதில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுக் கொடுக்கிறேன்.

வருகிறவர்கள் முதலில் பிரின்டர் வேலை செய்யுமா, எக்செல் ஃபைல் திறக்குமா, தமிழ் டைப் அடிக்கலாமா என்று கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்து, பணத்தை எண்ணிக் கொடுக்கும்போதுதான் அந்தக் கேள்வி வரும். "அக்கா, பழைய கேமெல்லாம் இதுல ஓடுமா?" கேட்பவர்களில் பலர் நாற்பதைத் தாண்டியவர்கள்.

இந்தக் கேள்விக்கு நான் முழு மரியாதை கொடுக்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் அந்தத் தலைமுறை கம்ப்யூட்டரோடு பழகியதே விளையாட்டில்தான். அம்புக்குறி விசைகளில் விரல் பழகியது டேவ் என்ற விளையாட்டை ஆடியபோது. ஃபோல்டர் என்றால் என்ன என்று புரிந்தது, பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா எங்கே இருக்கிறது என்று, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் திரையில் தேடியபோது. அப்படிப் பழகியவர்களில் சிலர் இன்று கணக்கு எழுதுகிறார்கள், பிரஸ் நடத்துகிறார்கள், பெங்களூரில் புரோகிராம் எழுதுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: "பெரும்பாலும் ஓடும். சில பழைய கேம் புது விண்டோஸைவிட இதில் நன்றாகவே ஓடும்."

யாரும் உடனே நம்புவதில்லை. விண்டோஸுக்கு எழுதிய விளையாட்டு விண்டோஸில் ஓடாமல் லினக்ஸில் எப்படி ஓடும் என்பார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது.

ஒரு விளையாட்டு தனியாக எதையும் செய்துவிடாது. படம் காட்ட, சத்தம் எழுப்ப, எந்த விசை அழுந்தியது என்று தெரிந்துகொள்ள என எல்லாவற்றுக்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடமோ நேரடியாக இயந்திரத்திடமோ கேட்டாக வேண்டும். கேட்கும் முறை காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அதனால் யாராவது கேமோடு வந்தால், "எந்த வருஷத்து கேம்?" என்பதுதான் என் முதல் கேள்வி. 1995-க்கு முந்தியது என்றால் பெரும்பாலும் டாஸ் விளையாட்டு. அதற்கு வழி வேறு, விண்டோஸ் விளையாட்டுக்கு வழி வேறு.

டாஸ் காலத்து விளையாட்டுகள் சவுண்ட் கார்டோடும் திரையோடும் நேரடியாகப் பேசியவை. இன்றைய கம்ப்யூட்டரில் அந்தச் சவுண்ட் கார்டே கிடையாது. இதற்காக நெதர்லாந்தைச் சேர்ந்த பீட்டர் வீன்ஸ்ட்ராவும் சூர்ட் வான் டெர் பெர்க்கும் தொடங்கிய டாஸ்பாக்ஸ் 2002-இல் வெளியானது. அது 386, 486 காலத்து கம்ப்யூட்டர் ஒன்றை, சவுண்ட் பிளாஸ்டர் கார்டு உட்பட, மென்பொருளாகவே கட்டியெழுப்புகிறது. விளையாட்டு அதற்குள் ஓடும்போது வெளியே இருப்பது விண்டோஸா லினக்ஸா என்று அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

மின்ட்டில் சாஃப்ட்வேர் மேனேஜரைத் திறந்து டாஸ்பாக்ஸ் என்று தேடினால் கிடைக்கும். திறந்தால் பழைய கறுப்புத் திரை வரும். "மவுண்ட் சி" என்று அடித்து, விளையாட்டு இருக்கும் ஃபோல்டரின் பாதையைக் கொடுக்க வேண்டும். பிறகு "சி" அடித்துப் பக்கத்தில் முக்காற்புள்ளி, கடைசியில் விளையாட்டின் பெயர். வேகம் அதிகமாகத் தெரிந்தால் கன்ட்ரோலோடு எஃப்11, குறைவாக இருந்தால் கன்ட்ரோலோடு எஃப்12. அந்தக் காலத்தில் சில விளையாட்டுகள் பிராசஸரின் வேகத்தை நம்பியே எழுதப்பட்டன. வேகமான இயந்திரத்தில் போட்டால் எதிரி கண் இமைக்கும் முன் நம்மை முடித்துவிடுவான். பழைய கேபினட்டில் டர்போ என்று ஒரு பொத்தான் இருந்ததே, அதை அணைத்தால் கம்ப்யூட்டர் மெதுவாகும். அந்தப் பொத்தான் செய்த வேலையைத்தான் இந்த இரண்டு விசைகளும் செய்கின்றன.

பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவுக்கு இதையும்விட நல்ல வழி உண்டு. அதன் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எனக்கு அவ்வளவு பிடித்த கதை அது.

அமெரிக்காவின் ஜோர்டன் மெக்னர் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக அதை எழுதி 1989-இல் வெளியிட்டார். டாஸ் வடிவம் 1990-இல் வந்தது. நாம் ஆடியது அதைத்தான். இளவரசன் ஓடுவதும் விளிம்பைப் பிடித்துத் தொங்குவதும் ஏன் அவ்வளவு இயல்பாக இருந்தது தெரியுமா? மெக்னர் தன் தம்பி டேவிட்டை ஓடவும் குதிக்கவும் ஏறவும் வைத்து வீடியோ எடுத்து, ஒவ்வொரு அசைவாகப் பார்த்து வரைந்தார். வாள் சண்டைக்கு 1938-இல் வந்த ராபின் ஹூட் படத்தின் சண்டைக் காட்சி உதவியது. இசை அமைத்தவர் அவருடைய அப்பா பிரான்சிஸ். மூன்று பேரின் உழைப்பு ஒரே வீட்டிலிருந்து வந்தது.

ஆப்பிள் 2-க்கு எழுதிய மூல நிரல் பல வருடங்களாகக் காணாமல் போயிருந்தது. 2012-இல் அப்பாதான் வீட்டு அலமாரியில் பழைய பிளாப்பிகள் இருந்த பெட்டியைக் கண்டெடுத்தார். பழைய வட்டுகளைப் படிப்பதில் தேர்ந்தவர்கள் அதிலிருந்து நிரலை மீட்டார்கள். மெக்னர் அதை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி பொதுவில் வைத்தார்.

டாஸ் வடிவத்துக்கு அப்படி ஒரு பெட்டி கிடைக்கவில்லை. அதற்கு ஆர்வலர் ஒருவர் வேறு வேலை செய்தார். டாஸ் நிரலை ஒவ்வொரு கட்டளையாகப் பிரித்துப் படித்து, அதே நடத்தையோடு இன்றைய சி மொழியில் திரும்ப எழுதினார். எஸ்டிஎல்பாப் என்று அதற்குப் பெயர். அது லினக்ஸில் நேரடியாகவே ஓடும், டாஸ்பாக்ஸ் தேவையில்லை. அதே 60 நிமிடக் கெடு, அதே முள் குழி, அதே நிழல் மனிதன். எங்கள் தெருப் பையன் ஒருவன் கடையில் இதை ஆடிப் பார்த்தான். ஓடி வந்து தாவ வேண்டிய இடத்தில் நின்றபடியே தாவினான், குழியில் விழுந்தான். "ஒரு அடி பின்னாடி போய் ஓடி வா தம்பி" என்றேன். அடுத்த தடவை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

இப்படி உள்ளிருக்கும் இயந்திரத்தை மட்டும் புதிதாக எழுதி, படமும் இசையும் பழைய ஃபைல்களிலிருந்தே எடுத்துக்கொள்வது மற்ற விளையாட்டுகளுக்கும் நடந்திருக்கிறது. 1993-இல் வந்த டூமின் மூல நிரலை ஐடி சாஃப்ட்வேர் 1997-இல் தானாகவே வெளியிட்டது. அதனால்தான் டூம் ஓடாத கருவியைத் தேட வேண்டியிருக்கிறது. மங்கி ஐலண்ட் போன்ற கதை விளையாட்டுகளுக்கு 2001-இல் தொடங்கிய ஸ்கம்விஎம் இருக்கிறது. அதில் பழக விரும்புகிறவர்களுக்கு பினீத் எ ஸ்டீல் ஸ்கை என்ற விளையாட்டை, அதை உருவாக்கியவர்களே இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள்.

இனி விண்டோஸ் விளையாட்டுகள். இங்கே வருவது வைன். 1993-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தை 1994 முதல் இன்றுவரை முன்நின்று நடத்துபவர் அலெக்ஸாண்டர் ஜூலியார். 1.0 என்று பெயர் வைக்கவே 2008 ஆகிவிட்டது. பதினைந்து வருடப் பொறுமை. புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தார் அல்லவா, அந்த வேலைதான் வைனுக்கு. விளையாட்டு விண்டோஸ் பாஷையில் கேட்பதை வாங்கி லினக்ஸ் பாஷையில் சொல்லி, பதிலைத் திரும்ப விண்டோஸ் பாஷையில் கொடுக்கும். இடையில் பொய்யான கம்ப்யூட்டர் எதுவும் இல்லாததால் வேகமும் பெரிதாகக் குறையாது.

புது விண்டோஸில் ஓடாதது இதில் ஓடுவதற்கு ஒரு முக்கியக் காரணம், வைன்காரர்கள் பழையதைக் கழித்துக் கட்டுவதில்லை. விண்டோஸ் 11 முழுக்க 64-பிட். 16-பிட் நிரல் எதையும் அது தொடாது. விண்டோஸ் 95 காலத்து கேம் சிடிகளில் விளையாட்டு 32-பிட்டாக இருந்தாலும், அதை நிறுவும் செட்அப் 16-பிட்டாக இருப்பதுண்டு. அப்போது வாசலிலேயே வேலை நின்றுவிடும். வைனில் அந்த செட்அப் ஓடும்.

பிரஸ் வைத்திருக்கும் தம்பி ஒருவர் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் சிடியோடு வந்தார். 1997-இல் வந்த முதல் பாகம். விண்டோஸ் 7-இல் ஆடியபோது புல் சிவப்பாகவும் தண்ணீர் ஊதாவாகவும் தெரிந்ததாகச் சொன்னார். அது அந்தக் காலத்தில் ஊரறிந்த கோளாறு. அந்த விளையாட்டு 256 வண்ணங்களை மட்டும் வைத்து ஒரு அட்டவணை போட்டுக்கொள்ளும். பின்னணியில் ஓடும் விண்டோஸ் டெஸ்க்டாப் குறுக்கே வந்து அதே அட்டவணையில் தன் வண்ணங்களை வைக்கும். டெஸ்க்டாப்பையே மூடிவிட்டு ஆடியவர்கள் உண்டு.

அவருடைய கம்ப்யூட்டரில் வைன் நிறுவி, செட்அப் ஃபைலைத் திறந்தோம். இன்ஸ்டால் ஆனதும் வைன் அமைப்புப் பலகையில் கிராஃபிக்ஸ் பக்கத்துக்குப் போய், தனி டெஸ்க்டாப் காட்டும் பெட்டியில் டிக் போட்டு, 800-க்கு 600 என்று கொடுத்தேன். இதைச் செய்யாவிட்டால் விளையாட்டு மொத்தத் திரையையும் பழைய அளவுக்கு இழுத்து, மூடிய பிறகு ஐகான்களெல்லாம் மூலையில் குவிந்து கிடக்கும். செய்துவிட்டால் விளையாட்டு தன் சட்டத்துக்குள் அடக்கமாக ஓடும். புல் பச்சையாக வந்தது. பூசாரி எதிரிப் படை வீரனைத் தன் பக்கம் இழுக்கப் போடும் "வோலோலோ" சத்தம் கேட்டதும் அவர், "அக்கா, வால்யூம் கூட்டுங்க" என்றார்.

இது எல்லாமே தன்னார்வலர்கள் மட்டும் செய்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டீம் என்ற ஆன்லைன் விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018-இல் வைனை அடித்தளமாக வைத்து புரோட்டானை வெளியிட்டது. 2022-இல் வந்த அவர்களுடைய கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக் லினக்ஸில்தான் இயங்குகிறது. புதிய விளையாட்டுகளுக்கு இதுவே சுலபமான வழி. 2022-இல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இன் புதுப்பித்த பதிப்புக்கு வந்த இணைப்பில் ராஜேந்திர சோழனின் படையெடுப்பு ஒரு கதையாகவே இருக்கிறது. சுருள் வாள் வீரர்களும் வருகிறார்கள். அது புரோட்டானில் ஓடும்.

ஓடாதவையும் உண்டு. வேலரண்ட், ஃபோர்ட்நைட் போன்ற ஆன்லைன் விளையாட்டுகளில் ஏமாற்றுபவர்களைப் பிடிக்கும் காவல் நிரல்கள் இருக்கின்றன. அவை லினக்ஸை அனுமதிப்பதில்லை. பையன் அதைத்தான் ஆடுகிறான் என்றால் அந்தக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட வேண்டாம் என்றே சொல்லி அனுப்புகிறேன்.

2000-ஐ ஒட்டி வந்த சிடிகளில் இன்னொரு சிக்கல், பூட்டு. சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்பு முறை தன் டிரைவரை விண்டோஸின் உள்ளே வரை நுழைத்தது. அது பாதுகாப்புக்கு ஆபத்து என்று விண்டோஸ் 10-இலிருந்து மைக்ரோசாஃப்ட் அதைத் தூக்கிவிட்டது. காசு கொடுத்து வாங்கியவரின் அசல் சிடியே இப்போது ஓட மறுக்கிறது, எனக்கு இதில் வருத்தம் அதிகம். வைனிலும் இந்தப் பூட்டு தொல்லைதான். பூட்டில்லாமல் பழைய விளையாட்டுகளை விற்கும் ஜிஓஜி கடையில் அதே விளையாட்டு இருந்தால், தள்ளுபடி நாளில் வாங்கிவிடுவது நல்லது. போலந்தில் 2008-இல் தொடங்கிய கடை அது. வாங்குவது இன்ஸ்டாலராகவே கையில் கிடைக்கும், பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

இலவசம் என்று எங்கிருந்தோ இறக்கிய கேமை வைனில் போடாதீர்கள். லினக்ஸில் வைரஸ் வராது என்ற தைரியத்தில் போடுகிறார்கள். வைன் உங்கள் முழு வட்டையும் இசட் டிரைவ் என்று அந்த நிரலுக்குக் காட்டுகிறது. கெட்ட எண்ணத்தோடு எழுதிய நிரல் உங்கள் போட்டோக்களையும் கணக்குகளையும் அங்கிருந்து தொட முடியும். வைன் அமைப்பில் டிரைவ்ஸ் பக்கத்தில் இசட்டை நீக்கலாம். அதுகூட முழுப் பாதுகாப்பு இல்லை.

வீட்டில் அசல் சிடிகள் இருந்தால், படிக்கும் நிலையில் இருக்கும்போதே நகல் எடுத்துவிடுங்கள். ஃபைல்களை மட்டும் காப்பி செய்தால் போதாது. 1996-இல் வந்த குவேக் விளையாட்டில் நைன் இன்ச் நெயில்ஸ் இசைக்குழுவின் ட்ரென்ட் ரெஸ்னர் போட்ட இசை, பாட்டு சிடியில் இருப்பதுபோல் தனி ஆடியோ டிராக்குகளாக இருக்கிறது. ஃபைல் பட்டியலில் அது தெரியவே தெரியாது. ஐஎஸ்ஓ இமேஜ் எடுத்தாலும் இசை வராது, விளையாட்டு ஊமையாக ஓடும். பின் (BIN), க்யூ (CUE) என்ற ஜோடி ஃபைல்களாக எடுக்க வேண்டும்; லினக்ஸில் சிடிஆர்டிஏஓ என்ற நிரல் அதற்கு உதவும். எடுத்த க்யூ ஃபைலை டாஸ்பாக்ஸின் ஐஎம்ஜிமவுண்ட் (imgmount) கட்டளையில் கொடுத்தால் குவேக் இசையோடு தொடங்கும். இப்போது வரும் லேப்டாப்களில் சிடி டிரைவ் கிடையாது. யூஎஸ்பியில் மாட்டும் டிரைவ் இன்னும் விற்பனையில் இருக்கிறது, நாலு வீட்டுக்கு ஒன்று வாங்கினால் போதும்.