நீட்டிய எலும்பு விரைந்து கெட்டிப்படுதல்

குட்டையான காலின் எலும்பை அறுத்து, உலோகச் சட்டம் பூட்டி, நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் பிரித்தால் இடைவெளியில் புது எலும்பு வளரும். சோவியத் மருத்துவர் இலிசாரோவ் 1950-களில் வகுத்த முறை இது. ஐந்து சென்டிமீட்டர் நீட்ட ஐம்பது நாட்கள் போதும். புது எலும்பு கெட்டிப்படவோ மேலும் பல மாதங்கள் ஆகும். அதுவரை சட்டத்தைக் கழற்றலாகாது. கம்பிகள் தோலைத் துளைக்கும் இடங்களில் சீழ் பிடிப்பதும் உண்டு. சிறுவர்களுக்கு இது பெருந்துன்பமே.

ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக மருத்துவர்கள் நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலுள்ள உயிரணுக்களை எடுத்து வளர்த்து, அவருடைய இரத்தத் தட்டணுக்கள் செறிந்த நீருடன் கலந்து, அவ்விடைவெளியில் ஊசிமூலம் செலுத்தினர். 2007-இல் வெளியான முடிவின்படி, ஒரு சென்டிமீட்டர் நீட்டத்திற்குச் சராசரி 36 நாட்கள் என்றிருந்த குணமாகும் காலம் 27 ஆகக் குறைந்தது. தொடையெலும்பில் பயன் மிகுதி. எனினும் சோதிக்கப்பட்டோர் சிலரே. ஆதலின் இதனை வழக்கமான சிகிச்சையாகக் கொள்ளுதல் பொருந்தாது.