மல்லரை மறந்த கதை

“சேர், சீனா தோற்றுவிட்டார்!”

2025ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை. டித்வா சூறாவளி மலையகத்தைச் சிதைத்துச் சென்று இரு வாரங்களே கழிந்திருந்தன. நானுஓயாவைப் போர்த்திய பனிமூட்டம் விலகவில்லை. எமது வீட்டு வாசலில் நின்று இச்செய்தியைக் கூறியவன் எம்மிடம் தமிழ் பயிலும் உயர்தர வகுப்பு மாணாக்கன். அவன் கையிலிருந்த தொலைபேசியில் வாஷிங்டன் நகரத்து மல்யுத்தக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. இருபத்து மூன்று ஆண்டுகளாக மேடையை ஆண்ட ஜோன் சீனா, தமது இறுதிப் போட்டியில் குந்தர் என்ற மல்லரின் பிடியிற் சிக்கி, கையாற் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டார். பையனுடைய கண்கள் கலங்கியிருந்தன.

“அப்படியா, தம்பி?” என்றோம். அதற்குமேல் ஒரு சொல்லும் எம் வாயில் வரவில்லை.

அவன் முகம் வாடித் திரும்பிய பின்னர்தான் எமக்கே வியப்பாயிருந்தது. பன்னிரண்டு வயதில் இப்படியொரு செய்தி வந்திருந்தால் அன்று முழுவதும் சோறு உண்ணாதிருந்திருப்போம். அத்துணை பித்து எங்கே போயிற்று? எப்பொழுது போயிற்று? வாசகர்களுள் பலருக்கும் இவ்வனுபவம் இருக்கும் என்பதால், அக்கதையை இங்கே எழுதத் துணிந்தோம்.

பற்றரியில் ஓடிய யுகம்

ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் தொடங்கப்பெற்றது. அதன் ஒளிபரப்புக் கோபுரம் இலங்கையின் அதியுயர்ந்த மலையாகிய பீதுருதாலகாலையின் உச்சியில், எமக்கு மிக அண்மையிலேயே நின்றது. ஆயினும் 1990களின் தொடக்கத்திலும் எமது லயத்துக்கு மின்சாரம் வரவில்லை. இருபது வீடுகளுக்கும் ஒரே தொலைக்காட்சிப் பெட்டி. அதனை இயக்கியது மோட்டார் வாகன பற்றரி. அதன் சக்தி குறைந்ததும் தோளிற் சுமந்து கடைவீதிக்குச் சென்று ‘சார்ஜ்’ ஏற்றி வருவது இளைஞர் கடன்.

பற்றரி வலுவிழக்கும்போது படம் நாற்புறமும் சுருங்கத் தொடங்கும். ஹல்க் ஹோகன் கையுயர்த்தும் வேளை பார்த்துத்தான் அது பெரும்பாலும் சுருங்கும்! வென்றவர் யாரென்று அறியாமல் அந்த வாரம் முழுவதும் நாம் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது.

மல்லர் படம் அச்சிட்ட சீட்டுக் கட்டு ஒன்று எம்மிடம் இருந்தது. உயரம், எடை, மார்பளவு யாவும் அதில் உண்டு. பராக்கிரமபாகுவின் ஆட்சிக் காலத்தைக் கேட்டால் விழிப்போம். அண்டர்டேக்கரின் உயரத்தை உறக்கத்திலும் சொல்வோம். நுவரெலியாவில் வாடகைக்கு எடுத்து வந்த வீடியோ நாடாவில், 1987 மார்ச் 29ஆம் திகதி அந்திரே என்னும் பேருருவரை ஹோகன் தூக்கி எறிந்த காட்சியை எத்தனை முறை பார்த்தோமென்று கணக்கில்லை. அந்திரேயின் எடை 520 இறாத்தல் என்று விளம்பரம் செய்திருந்தார்கள்.

அக்காட்சியைப் பார்த்த மறுநாள், லயத்து இஸ்தோப்புச் சுவரிலிருந்து எம் தம்பியின்மீது பாய்ந்தோம். அவனுடைய கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது.

தந்தையாரின் வினா

எமது தந்தையார் தோட்டத் தொழிலாளி. தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். மாசி மாதம் வந்தால் காமன் கூத்தில் வீரபத்திரர் வேடங் கட்டுபவர். தம்பிக்குக் கட்டுப் போட்டு வைத்தியசாலையிலிருந்து திரும்பிய இரவு அவர் எம்மை அடிப்பாரென்று நடுங்கியிருந்தோம். அவர் அடிக்கவில்லை.

“கூத்தில் நான் எத்தனை பேரை வெட்டுகிறேன்? ஒருவனுக்காவது இரத்தம் வந்ததுண்டா? வலிக்காமல் அடிக்கத் தெரிந்தவனுக்குத்தான் அங்கே சம்பளம். நீ என்ன படித்தாய்?” என்று கேட்டார்.

அவர் மல்யுத்தத்தை இகழ்ந்தவர் அல்லர். அவர் காலத்து மல்லர்கள் வேறு. பஞ்சாபில் 1928இல் பிறந்த தாரா சிங்கும், கிங்காங் என்ற பட்டப்பெயர் பூண்ட ஹங்கேரியர் எமில் சாயாவும் 1950களில் ஆசிய நாடெங்கும் பொருதியவர்கள். 1959இல் கல்கத்தாவில் ஜோர்ஜ் கோர்டியெங்கோவை வென்று பொதுநலவாயப் பட்டமும், 1968இல் பம்பாயில் லூ தெஸ் என்பவரை வென்று உலகப் பட்டமும் பெற்றவர் தாரா சிங். கிங்காங் 1970இல் மோட்டார் விபத்தின் பயனாகச் சிங்கப்பூரில் உயிர்நீத்தார். தாரா சிங்கோ நெடுங்காலம் வாழ்ந்து, இராமாயணத் தொலைக்காட்சித் தொடரில் அனுமனாகத் தோன்றி, 2012இல் மறைந்தார். இவ்விருவர் கதைகளையும் சொல்லும்போது தந்தையாரின் குரல் உயரும். “அதுவும் பேசி வைத்த சண்டைதானே, அப்பா?” என்று ஒருமுறை கேட்டோம். “இருக்கட்டுமே; தூக்கியது உண்மையான உடம்பு அல்லவா?” என்றார்.

பொய்யென்று அறிந்ததாலா?

ஒருவர் மல்யுத்தத்தை விட்டொழித்தார் என்றால், “பொய்யென்று கண்டுகொண்டார் போலும்” என்றே உலகம் கூறும். எம் வரையில் அது காரணமன்று.

உண்மைப் போர் பார்ப்பதற்கு எப்போதும் இனியதன்று. இந்திய மல்லர் காமா 1910 செப்டம்பரில் இலண்டனில் போலந்து வீரர் ஸ்பிஸ்கோவுடன் பொருதியபோது, போட்டி இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தது. ஸ்பிஸ்கோ பெரும்பொழுதும் தரையோடு தரையாகப் படிந்து கிடந்தார். முடிவில் வெற்றி தோல்வி இல்லை. பணங்கொடுத்து வந்தோர் இத்தகைய காட்சியை எத்தனை நாள் பொறுப்பர்? 1920களில் அமெரிக்க ஒழுங்கமைப்பாளர்கள் நேர வரையறையும், தாவலும் வீச்சும் நிறைந்த புதிய முறையும் கொணர்ந்தமைக்கு இதுவே காரணம். முடிவை முன்னரே தீர்மானிக்கும் வழக்கம் தொழிலின் இரகசியமாயிற்று. 1989இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலச் செனற் சபையின் முன் மல்யுத்த நிறுவனத்தாரே இது போட்டியன்று, கேளிக்கையே என்று ஒப்புக்கொண்டனர். விளையாட்டுக்குரிய மேற்பார்வையிலிருந்தும் வரியிலிருந்தும் விடுபடுவதே அவர்கள் நோக்கம்.

ஆனால் அக்கேளிக்கையிலும் கலை உண்டு. வீழ்பவர் முகவாயை மார்போடு ஒட்டி, முதுகு முழுவதும் ஒருங்கே தரையிற் படும்படி வீழ்கிறார். அடி ஓரிடத்திற் குவியாமற் பரவுகிறது. குத்து விழும் கணத்திற் கால் தரையை உதைக்கிறது. ஓசையைக் கேட்டு நாம் துடிக்கிறோம். எடுப்பவரும் எடுக்கப்படுபவரும் ஒருவர் உயிரை மற்றவர் கையில் ஒப்படைத்துச் செய்யும் வேலை இது.

மாசியில் மன்மதன் எரிவான், மீண்டும் எழுவான் என்பது மலையகத்துச் சிறுபிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் இரதியின் ஒப்பாரியிற் கண்ணீர் விடுகிறோம். ஆகையால், முடிவு தெரிந்ததால் நாம் மல்யுத்தத்தைத் துறந்தோம் என்பது பொருந்தாது. கலைகளுள் ஒன்றாக எண்ணி, அதனை மேலும் சில ஆண்டுகள் விரும்பியே பார்த்தோம்.

திரைக்குப் பின்னே

விருப்பம் ஒரே நாளில் அறவில்லை. ஒவ்வோர் இழையாக அறுந்தது.

முதல் இழை அந்திரே. எம்மை வியப்பில் ஆழ்த்திய அப்பேருருவம் அளவுமீறிய வளர்ச்சிச் சுரப்பால் வந்த நோய் என்பதைப் பின்னர்தான் படித்தோம். 1987இல் ஹோகன் அவரைத் தூக்கியபோது, முதுகில் அறுவைச் சிகிச்சை பெற்ற அம்மனிதர் உடைக்குள்ளே தாங்குபட்டை அணிந்திருந்தார். 1993 ஜனவரியில் 46 வயதிற் பாரிஸ் நகரில் இறந்தார். நாம் கைகொட்டிச் சிரித்தது ஒரு நோயாளியின் வேதனையைக் கண்டன்றோ!

இரண்டாம் இழை ஓவன் ஹார்ட். 1999 மே 23ஆம் திகதி, கன்சாஸ் நகர அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் இறக்கப்படும் வேடிக்கைக் காட்சியின்போது, கொக்கி விடுபட்டு வீழ்ந்து அவர் மாண்டார். வயது 34. அவரைத் தூக்கிச் சென்ற பின்னும் அன்றைய காட்சி நிறுத்தப்படவில்லை. எஞ்சிய போட்டிகள் அதே மேடையில் நடந்தேறின. கூத்துக் களரியில் ஒருவர் மயங்கி வீழ்ந்தாலே பறை நின்றுவிடும். அங்கே ஓர் உயிர் போன பின்னும் ஆட்டம் நிற்கவில்லை.

மூன்றாவது இழை எம் உள்ளத்தையே அறுத்தது. அதுவே இக்கட்டுரையை எழுதவும் தூண்டியது.

பல்கலைக்கழகத்தில் பயின்ற நாட்களில், ஜெஸி வென்சுரா என்னும் மல்லரைப் பற்றிப் படித்தோம். 1999 முதல் 2003 வரை மினசோட்டா மாநில ஆளுநராயிருந்தவர் இவர். 1986இல், பெரும் போட்டியொன்றிற்கு முன்னர், உடைமாற்றும் அறையில் மல்லர்களைக் கூட்டி, “நமக்கும் ஒரு தொழிற்சங்கம் வேண்டும்” என்று பேசினார். செய்தி உடனே முதலாளி வின்ஸ் மக்மானின் காதுக்கு எட்டியது. முயற்சி முளையிலேயே கருகியது. காட்டிக் கொடுத்தவர் யாரென்று வென்சுராவுக்குப் பல்லாண்டுகள் தெரியவில்லை. பின்னர் அவர் தொடுத்த வேறொரு வழக்கில், மக்மான் அளித்த சாட்சியத்திலிருந்தே அப்பெயர் வெளிவந்தது.

ஹல்க் ஹோகன்!

எமது லயத்துச் சுவரில் சோற்றுப்பசை கொண்டு நாம் ஒட்டி வைத்த அதே ஹோகன்.

வேறொருவருக்கு இது சிறு செய்தியாய் இருக்கலாம். தோட்டத் தலைவரின் பிள்ளைக்கு அவ்வாறன்று. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்துப் போராட்டத்திற் பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையான கோவிந்தனின் பெயரைச் சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். சங்கம் என்ற சொல்லுக்கு எம் வீட்டில் தனி மரியாதை இருந்தது. விடுமுறையில் வந்து தந்தையாரிடம் இதனைக் கூறினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “மேடையில் நல்லவன் வேடங் கட்டியவன் என்று சொல்” என்றார். அவர் சிரிக்கவில்லை.

அந்தப் படம் அன்று சுவரிலிருந்து இறங்கியது. 2025 ஜூலையில் ஹோகன் இறந்தபோது மனம் சற்றே கனத்தது உண்மை. ஆனால் அத்துயரம் அம்மனிதருக்காக அன்று; சுருங்கும் திரையின்முன் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து அமர்ந்திருந்த எம் சிறுபருவத்துக்காக.

மாணாக்கன் கேட்டது

மறுநாள் அப்பையனை அழைத்து, முன்தினம் முகங்கொடுத்துப் பேசாமைக்கு வருத்தம் தெரிவித்தோம். இக்கதை முழுவதையும் சொன்னோம். புறநானூற்றின் எண்பதாம் பாட்டையும் எடுத்துக் காட்டினோம். ஆமூர் மல்லனைக் கோப்பெருநற்கிள்ளி வீழ்த்தும் கணம் அது. ஒரு கால் மார்பில் ஊன்ற, மற்றொரு கால் பின்னிருந்து தடுக்க, வெற்றி கண்முன் நிற்கிறது. அதனைப் பாடிய சாத்தந்தையார், பகை கொண்ட தந்தை தித்தன் இதைக் காணமாட்டானா என்று ஏங்குகிறார். மற்போரைப் பார்த்த புலவருடைய நெஞ்சு, போரோடு நில்லாமல், போரிடுகின்ற மகனுடைய வாழ்க்கைக்கும் சென்றது என்று விளக்கினோம்.

“அப்படியானால் இனிப் பார்க்கக் கூடாதா, சேர்?”

“பார், தம்பி. வேண்டாமென்று சொல்ல நாம் யார்? விளக்கணைந்த பிறகு அந்த மனிதன் எங்கே போகிறான் என்பதையும் எண்ணிப் பார்.”

அவன் சிறிது நேரம் எண்ணினான். அவனுடைய தாயார் நாள்தோறும் கூடை சுமந்து மலையேறிக் கொழுந்து பறிப்பவர். “சீனா பணக்காரர், அவருக்குக் கவலையில்லை. தோற்பதற்கென்றே சிலரைக் கொண்டு வருகிறார்களே, சேர், அவர்களுக்குச் சேமலாப நிதி உண்டா?” என்று கேட்டான்.

“இல்லை, தம்பி” என்றோம். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் இந்நாட்டில் 1958இலேயே வந்துவிட்டது. ஆயிரம் குறைகளிடையேயும் எம் தொழிலாளருக்கு அதுவொரு பிடி. அமெரிக்க மல்லரோ நிறுவனத்தின் ஊழியராகவே கொள்ளப்படுவதில்லை, தனி ஒப்பந்தக்காரர். மேடையிற் பட்ட காயத்துக்கு மருத்துவம் செய்வார்கள். மற்றைய நோய்க்கும் முதுமைக்கும் அவர் தாமே வழிதேட வேண்டும். வென்சுரா கனவு கண்ட சங்கம் இன்றுவரை அமையவில்லை.

பையன் தலையசைத்துவிட்டுப் போனான். இனியும் அவன் மல்யுத்தம் பார்ப்பான், பார்க்கட்டும். வென்றவரை மட்டும் பார்த்துக் கைதட்டிய எமக்கு, வீழ்ந்தவரைப் பற்றிக் கேட்கத் தோன்ற இருபது ஆண்டுகள் ஆயின. அவனுக்கு ஒருநாள் போதுமாயிருந்தது. ஆசிரியனாய் இருப்பதில் இதனினும் பெரிய மகிழ்ச்சி எமக்கு வேறில்லை.