குட்டி ரயிலுக்கு டிகோடர்: மூடியைப் பூட்டுமுன் ஒரு சோதனை

ஜப்பானின் கேட்டோ நிறுவனம் 1965 முதல் தயாரித்து வரும் ‘என்’ ரக மாதிரி ரயில்கள், 9 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடுபவை. வழக்கமான முறையில், மின்சாரத்தைக் கூட்டினால் அத்தடத்தில் நிற்கும் எல்லா ரயில்களும் ஒன்றாக நகரும். டிகோடர் எனும் சிறு மின்னணுத் தகட்டைப் பொருத்தினால் ஒவ்வொரு ரயிலுக்கும் தனி எண் கிடைக்கும். தன் எண்ணுக்கு வரும் கட்டளைக்கு மட்டுமே அது ஓடும்.

கேட்டோவின் சில ரயில்களில் ‘இஎம்13’ டிகோடரைச் செருக இடம் உண்டு. மற்றவற்றில் ஒயர்களைப் பற்றவைக்க வேண்டும். எதுவானாலும், மோட்டாரின் இரு முனைகளும் டிகோடருடன் மட்டுமே இணைய வேண்டும். தண்டவாள மின்சாரம் நேரடியாகப் பட்டால் டிகோடர் கருகிவிடக்கூடும். எனவே, டிகோடரை இணைக்குமுன் மோட்டார் முனைகளுக்கும் சக்கரங்களுக்கும் இடையே தொடர்பு இல்லை என்பதை மல்டிமீட்டரால் உறுதிசெய்வது அவசியம். சில நிமிடச் சோதனை, வாங்கிய பொருளைக் காப்பாற்றும்.