ஒளிவாளுக்கு மின்கலமும் ஓசைக்கருவியும் தெரிதல்

வாள் என்றதும் இரும்பும் கூர்மையும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயின் 1977ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஸ்டார் வோர்ஸ்’ என்னும் திரைப்படம் இரும்பில்லாத வாளொன்றை உலகச் சிறுவர் கையிற் கொடுத்துவிட்டது. பிடி மட்டுமே பொருளாகவும் அலகு முழுவதும் ஒளியாகவும் அமைந்து, அசைக்குந்தோறும் உறுமுவது அது. அதனை ஒளிவாள் எனலாம். அப்புத்தளையைச் சூழ்ந்த தோட்டங்களிலே பொன்னர் சங்கர் கூத்துக்கு மரவாள் செதுக்கிய குடும்பத்துப் பிள்ளைகள், இன்று பாடசாலைக் கலைவிழாவுக்கு ஒளிவாள் செய்ய முனைகின்றனர். அவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் இரண்டே கேள்விகள். எந்த மின்கலத்தை இடுவது? ஓசையை எதிலிருந்து பெறுவது? இவ்விரண்டுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திரையில் முதன்முதல் தோன்றிய அவ்வாளின் பிடி, உண்மையில் ஒரு மின்கலக் கூடேயாம் என்பது பலர் அறியாத செய்தி. அப்படத்தின் அரங்கப் பொருள்களை அமைத்த றொஜர் கிறிஸ்டியன் என்பார், இலண்டனிலுள்ள ஒரு புகைப்படக் கடையிற் கிடந்த கிராப்ளெக்ஸ் என்னும் பழைய செய்திப்படக் கமராவின் மின்வெட்டு விளக்குப் பிடியை எடுத்து, அதன்மேற் சில பட்டிகளை ஒட்டி வாட்பிடி ஆக்கினார். அவ்விளக்குப் பிடி மூன்று பெரிய உலர்கலங்களைக் கொள்வது. நம் தோட்டத்து இராக்காவற்காரர் கையிலே பிடித்துச் சென்ற மூன்று பெட்டரி டோர்ச் லைட்டும் அதே அளவுக் கலங்களையே கொண்டது. ஆகவே வாட்பிடிக்கு வேண்டிய உலோகக் குழாயைத் தேடிக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. பாட்டனாரின் பழைய டோர்ச் லைட் பரணிற் கிடக்குமாயின் அதுவே போதும்.

அலகைப் பற்றி இரண்டொரு சொல் மட்டும் கூறுவேன். ஒளிக்கற்றை மூன்றடி சென்று தானாக நின்றுவிடும் இயல்புடையதன்று. ஆதலின் ஒளியைத் தாங்கிப் பரப்பும் குழாய் ஒன்று வேண்டும். பொலிகாபனேற்றுக் குழாயே இதற்கு உகந்தது. அது கிடையாதென்று பழுதான குழல்விளக்கைப் பிடியிற் பொருத்தி வீசுவோர் உளர். அதனை எவ்வாற்றானும் செய்யலாகாது. உடைந்தாற் கண்ணாடி வெட்டும். உள்ளிருக்கும் இரச ஆவியும் வெளிப்படும்.

இனி மின்கலத்துக்கு வருவோம். பிரான்சு நாட்டு லெக்கிலாஞ்சே 1866இல் அமைத்த ஈரக்கலத்தை, செருமானியராகிய காஸ்னர் 1886இல் உலர்கலமாக்கினார். நாகக் குவளையும் நடுவே காபன் கோலும் உடைய அக்கலமே, மின்சாரம் எட்டாத லய அறைகளில் நெடுங்காலம் வானொலியைப் பாட வைத்தது. ஓய்ந்த பெட்டரியை வெயிலிற் காயவைத்து மேலும் இரண்டொரு நாள் பாட்டுக் கேட்ட அனுபவம் நம்முள் மூத்தோர்க்கு உண்டு. வானொலி சிறிதளவு மின்னோட்டத்தையே உண்பது. ஆதலால் அது செல்லுபடியாயிற்று. ஒளிவாளோ பெருந்தீனிக்காரன். ஒளிரும் பொறியாகிய ஒளிகாலும் இருவாயி, அதாவது கடைகளில் எல்.இ.டி. என வழங்குவது, வலியதாயின் தான் ஒன்றே ஏறத்தாழ ஓர் அம்பியரை இழுக்கும். உலர்கலத்தின் அகத்தடை மிகுதியாதலால் அத்தகைய ஓட்டத்தில் அதன் அழுத்தம் சரிந்துவிடும். விளக்கு மங்கும், ஓசை திக்கும். எனவே காபன் நாகக் கலம் இதற்கு உதவாது.

இன்று எங்கும் புகழப்படுவது இலிதியம் அயன் கலம். சோனி நிறுவனம் 1991இல் இதனை முதன்முதல் விற்பனைக்குக் கொணர்ந்தது. அதனை ஆக்கிய அறிஞர் மூவருக்கு 2019இல் இரசாயனத்துக்கான நோபெற் பரிசு கிட்டிற்று. ஒளிவாள் செய்வோர் விரும்புவது 18650 என்னும் வகையாகும். அவ்வெண் புதிரன்று, 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் உடையது என்பதே பொருள். சராசரி அழுத்தம் 3.7 உவோற்று, முழுதும் ஏற்றிய நிலையில் 4.2. நல்ல கலமாயின் 2,500 முதல் 3,500 மில்லி அம்பியர் மணி வரை கொள்ளும். இலேசானது, அடக்கமானது, வலியது. குறையே இல்லையோ எனின், உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், 9,900 என்று உறையிற் பொறித்த கலமொன்றை நடைபாதைக் கடையில் மலிவாக வாங்கி வந்தேன். அவ்வளவு கொள்ளும் 18650 கலம் உலகில் இல்லை என்பதை அன்று அறியேன். தடையியொன்றின் வழியாக மெல்ல இறக்கி அளந்தபோது அது ஆயிரத்தையும் எட்டவில்லை. ஏமாந்த பணத்தைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. அதே கலத்தை என் சாவிக்கொத்தோடு ஒரு பைக்குள் இட்டது பெரும்பிழையாயிற்று. இரு முனைகளையும் சாவி தொட்டது, பை புகைந்தது, உதறி எறிந்தமையால் தொடை தப்பிற்று. நல்ல இலிதியம் கலத்தின் அகத்தடை ஓர் ஓமில் இருபதிலொரு பங்களவே. நான்கு உவோற்றை அவ்வளவு சிறிய தடையால் வகுத்துப் பாருங்கள். எண்பது அம்பியர் வரும். போலிக் கலம் அவ்வளவு தராதாயினும் தந்த அளவே போதியதாயிருந்தது.

என் தொடையை விடப் பெரிய விடயம் ஒன்றுண்டு. நம் மாணவர் பலர் வாழும் லயங்கள் ஒரே கூரையின்கீழ் அடுத்தடுத்து அமைந்த அறை வரிசைகள். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற பழைய அளவில் இன்னும் பல உள. அங்கே ஒரு காம்பராவிற் பற்றும் தீ அவ்வறையோடு நிற்பதில்லை. கூரைவழியே வரிசை முழுவதையும் உண்ணும். கழிவுக் கணினியிலிருந்து பிடுங்கிய இலிதியம் கலத்தை, காப்புச் சுற்றில்லாத ஏற்றியிற் செருகிவிட்டு இராமுழுதும் உறங்குதல் அங்கே ஒருவன் தன் வீட்டை மட்டும் பணயம் வைக்கும் செயலன்று. இலிதியம் கலம் மிகை ஏற்றத்தாற் சூடேறி, ஓர் எல்லையைக் கடந்தபின் தன் வெப்பத்தாலேயே மேலும் சூடேறும். பின்னர் அதனை நிறுத்துவது அரிது.

ஆதலின் பள்ளிப் பிள்ளைகளுக்கு யான் கூறுவது நிக்கல் உலோக ஐதரைட்டுக் கலம். மீள ஏற்றத்தக்கது, கைவிளக்குச் சிறுகலத்தின் வடிவில், 14.5 மில்லிமீற்றர் விட்டத்தில் கிடைப்பது. ஒன்றுக்கு 1.2 உவோற்று. மூன்றைத் தொடராக இணைத்தால் 3.6, ஏறத்தாழ இலிதியத்துக்கு நிகர். கொள்ளளவு 2,000 மில்லி அம்பியர் மணி அளவில் இருக்கும். பெருமின்னோட்டத்தைச் சலிக்காமல் தரும். இலிதியம் போல எளிதில் தீப்பற்றுவதன்று. எனினும் முனைகளை உலோகம் தொடவிடலாகாது என்ற விதி இதற்கும் பொருந்தும். மூன்றையும் முக்கோணமாகச் சேர்த்துக் கட்டினால் கட்டின் விட்டம் 31 மில்லிமீற்றரளவே. பழைய டோர்ச் லைட்டின் உட்குழாயோ 34 மில்லிமீற்றர்க் கலத்தைக் கொண்டது. எனவே கட்டு வசதியாக நுழையும். பெருங்கலம் மூன்றும் பிடித்த நீளம் 18 சென்ரிமீற்றருக்கு மேல். சிறுகலக் கட்டுப் பிடிப்பது ஐந்து. எஞ்சிய பதின்மூன்று சென்ரிமீற்றரும் ஓசைக்கருவிக்கு உரியது.

ஒளியின் நிறமும் கலத்தைப் பொறுத்ததே. சிவப்பு இருவாயிக்கு ஏறத்தாழ 2.2 உவோற்றும் நீலத்துக்கு 3.2 உவோற்றும் வேண்டும். மூன்று நிக்கற் கலங்களில் நீலம் விரைவிற் சோர்ந்துபோம். சிவப்பு இறுதிவரை நிற்கும். 3.6இல் 2.2 கழிய மிகுவது 1.4 உவோற்று. ஓர் அம்பியர் ஓடவேண்டின் 1.4 ஓம் தடையி வேண்டும். புதிதாய் ஏற்றிய கலத்தின் மிகையையும் எண்ணி 2 ஓம், 2 உவாற்றுத் தடையி இடுதல் நன்று. ஓசைக்கும் சேர்த்து ஒன்றேகால் அம்பியர் செல்லுமாயின் ஒன்றரை மணி நேரம் வாள் ஒளிரும். எந்த நாடகத்திலும் சண்டைக்காட்சி அவ்வளவு நீள்வதில்லை. (பனிமூட்டத்திற் சிவப்பே ஊடுருவும் என்று சிலர் கூறுவர். மூட்டத்தின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியனவாதலின் எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே சிதறடிக்கும். அப்புத்தளையில் மாலை நான்கு மணிக்கு நின்று பார்ப்பவர்க்கு இது விளங்கும்.)

ஓசையின் வரலாறு சுவை மிக்கது. ‘ஸ்டார் வோர்ஸ்’ படத்துக்கு ஒலியமைத்த பென் பேர்ட், பழைய படங்காட்டும் பொறியொன்றின் மோட்டார் இழைத்த முரலொலியையும், தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே பழுதான கம்பியுடைய ஒலிவாங்கி சென்றபோது எழுந்த இரைச்சலையும் கலந்தார். வாள் வீசும் ஓசை வேண்டியபோது, அக்கலவையை ஓர் ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டு, அதன் முன்னே இன்னோர் ஒலிவாங்கியைக் கையிற்பிடித்து வீசிப் பதிந்தார். ஒலிவாங்கி நெருங்குகையிற் சுருதி ஏறும்; விலகுகையில் இறங்கும். புகையிரதம் ஊதிக்கொண்டு நம்மைக் கடந்து செல்லும்போது கேட்கும் அதே டொப்ளர் விளைவுதான் இது.

இவ்விரண்டு ஓசைகளையும் நம் மரபிலே ஒப்பிடுவதாயின், முரலொலியை ஒத்து என்றும் வீச்சொலியை நாதசுரம் என்றும் சொல்வேன். ஒத்து இடையறாது ஒலிக்க, அதன்மேல் நாதசுரம் ஏறி இறங்க வேண்டும். கருவி தெரிவதன் சூட்சுமம் இவ்வொப்புமையிலேயே அடங்கியுள்ளது. மலிவான டி.எப்.பிளேயர் மினி என்னும் சிறு பலகை, நினைவு அட்டையிலுள்ள ஒலிப்பதிவை இசைக்கும். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றையே இசைக்கும். வாளை வீசியதும் ஒத்து நின்றுவிடும்; சிறு இடைவெளி விட்டு நாதசுரம் தொடங்கும். காது அதனை உடனே கண்டுகொள்ளும். புரொஃபிபோர்ட் போன்ற ஆயத்தப் பலகைகளோ பல பதிவுகளை ஒருங்கே கலந்து, வீச்சின் வேகத்துக்கேற்ப ஒன்றை ஏற்றி மற்றொன்றைத் தாழ்த்தும். ஓசை கையோடு ஒட்டி நடக்கும். ஆயினும் 2021இல் வர்த்தமானி அறிவித்தலால் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபாயாக்கப்பட்டமை நினைவிருக்கலாம். வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் அத்தகைய பலகை அக்கூலியிற் பல நாளை விழுங்கும். ஒரு மேடைக்காக அச்செலவை யான் ஒப்பேன். மலிவுப் பலகையிலேயே, முரலொலியையும் சேர்த்துப் பதிந்த வீச்சொலிகளைப் பயன்படுத்தினால் இடைவெளி பாதி மறையும். பத்தடிக்கு அப்பால் இருக்கும் அவையோர்க்கு மீதிப் பாதியும் தெரியாது.

வீச்சை உணர்வதற்கு எம்.பி.யூ. 6050 என்னும் உணரி போதும். இதில் ஆர்முடுகலை அளப்பது ஒன்று, சுழல்வேகத்தை அளப்பது ஒன்று என இரு பகுதிகள் உள. வாள் வாளோடு மோதுவதை முன்னதும், வீசுவதைப் பின்னதும் அறியும். கால் செக்கனில் கால் வட்டம் வீசினால் வேகம் செக்கனுக்கு 360 பாகை. மணிக்கட்டின் சுழற்சியோ அதனினும் பன்மடங்காகலாம். ஆகவே 2,000 பாகை எல்லையைத் தெரிந்துகொள்க. இவற்றை ஆளும் நுண்பலகை 3.3 உவோற்றில் இயங்கும் வகையாயிருத்தல் வேண்டும். ஐந்து உவோற்றுப் பலகை நம் மூன்று கலங்களோடு அடிக்கடி மயங்கிவிழும். விளக்கு எரியத்தொடங்கும் கணத்தில் அழுத்தம் சற்றே சரியும் ஆதலால், 1,000 மைக்குரோபரட்டுக் கொள்ளளவியொன்றை மின்வழங்கலுக்குக் குறுக்கே இணைக்க மறவாதீர்.

ஐந்து உவோற்றில் நான்கு ஓம் ஒலிபெருக்கிக்கு மூன்று உவாற்று என்று விளம்பரஞ் செய்யப்படும் விரியலாக்கி, 3.6 உவோற்றில் அதன் பாதியையே தரும். ஏனெனில் வலு அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இதற்கு அஞ்சவேண்டியதில்லை. வலுவிற் பாதி என்பது காதுக்கு மூன்று தெசிபெல் குறைவே. ஒலிபெருக்கியின் பின்புறத்தை அடைக்காது விடுதலே மெய்யான நட்டம். முன்னே செல்லும் அலையும் பின்னே செல்லும் அலையும் எதிரெதிராதலின் திறந்தவெளியில் ஒன்றையொன்று அழிக்கும். பின்புறத்தைச் சிறு கிண்ணமொன்றால் இறுக மூடிப் பாருங்கள். குடத்தின் வயிறு கடத்துக்குச் செய்யும் உதவியை அது செய்யும். 28 மில்லிமீற்றர் ஒலிபெருக்கியில் ஆழ்ந்த முரலொலி எழாது என்பதும் உண்மை. எனினும் மேற்சுரங்கள் செறிந்த பதிவாயின், கேளாத அடிச்சுரத்தைக் காது தானே நிரப்பிக்கொள்ளும். ஆகவே தூய முரலைவிடக் கரகரத்த முரலைத் தெரிவு செய்க.

காகிதக் கூம்புடைய ஒலிபெருக்கியை நம் ஊருக்கு வாங்கற்க. காமன் கூத்தில் தப்பைத் தீயிற் காய்ச்சியே அடிக்கிறார்கள். பனியில் தோல் தளர்ந்துவிடும் என்பதாலன்றோ? காகிதமும் அவ்வாறே ஈரத்தை உறிஞ்சிச் சோரும். பிளாத்திக்குப் படலமுடையதே ஏற்றது. பழைய டோர்ச் லைட்டின் அடிச்சுருளிற் பச்சைத் துரு இருப்பின் அரத்தால் உராய்ந்து, வெள்ளீயப்பற்று இட்டுக் கம்பியை நேரே ஒட்டிவிடல் வேண்டும். அரை ஓம் தடை அங்கே ஒளிந்திருந்தாலும் ஓர் அம்பியரில் அது தெரியும். விழா முடிந்த இரவே கலங்களைக் கழற்றி, ஒவ்வொன்றின் முனையிலும் நாடாத்துண்டு ஒட்டி, மறுநாட் பகலில், ஆள் விழித்திருக்கையில், ஏற்றியில் இடுக.